ஹட்டனில் வரைந்த ஐரோப்பியப் பாம்புகள்

கணவன் கஜேந்திரனின் கருமாதி முடிந்து சுதர்ஷினி மறுபடி கடைக்கு வந்தபோது, நஸார் நாநா அவளுக்கென்று ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தார். பாம்பு வரைகிற வேலை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நஸாரின் கடை. பலகையில் ஸ்டூடியோ என்று போட்டிருந்தாலும் படம் பிடிக்க வருகிறவர்கள் இப்போது குறைவு. கல்யாண அல்பம், பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பதாகை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை என்று எல்லாமே கணினியில்தான். எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது மரண அறிவித்தல். தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால், வெள்ளைக் கொடி கட்டுவதற்கு முன்னாலேயே யாராவது ஒருவர் செத்தவரின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறிவிடுவார்கள்.

சுதர்ஷினி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் நன்றாக வந்தது. மற்றப் பாடங்கள் அப்படி இப்படித்தான். உயர்தரப் பரீட்சை எழுதிப் பார்த்துவிட்டு நஸாரிடம் வேலைக்கு வந்தாள். போட்டோஷொப் அவள் கைக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. மங்கிப்போன அடையாள அட்டைப் படத்திலிருந்து ஒரு முகத்தைத் தேற்றி, பின்னால் நீல வானம் வைத்து, சட்டைக்கு மேலே கோட்டுப் போட்டு, செத்தவருக்கு ஒரு கௌரவம் உண்டாக்கிக் கொடுப்பாள். "இவ்வளவு வடிவா இருந்தாரா எங்கப்பா" என்று சனங்கள் அழுதுகொண்டே சொல்வார்கள்.

டிக்கோயாவில் கஜேந்திரனைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அவள் வேலையை விடவில்லை. அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. "எம் பொஞ்சாதி கம்பியூட்டர்ல வேல செய்யிறா" என்று கவ்வாத்துக் கூட்டத்தில் சொல்லிக்கொள்வான்.

அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். முதிர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் மட்டத்துக்குத் தறித்துவிட்டால்தான் புதுத்துளிர் வரும். தறித்த மலை மொட்டையாக, குச்சி குச்சியாகக் கிடக்கும். அன்றைக்கு மலை மேட்டில் நின்ற மரத்தில் குளவிக் கூடு கலைந்தது. கழுகு கொத்தியது என்றார்கள். காற்று என்றும் சொன்னார்கள். கொழுந்து பறிக்கிற மலையாக இருந்திருந்தால் செடிக்கடியில் படுத்து, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தப்பித்திருக்கலாம். அவர்கள் நின்ற இடத்தில் படுக்கச் செடியே இல்லை, எல்லாவற்றையும் அவர்களே தறித்திருந்தார்கள். இறக்கத்தில் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். கஜேந்திரன் மேட்டில் நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கொஞ்ச நேரம்தான் இருந்தான்.

அவனுடைய கண்ணீர் அஞ்சலியை சுதர்ஷினியே செய்தாள். நஸார் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். நல்ல படங்கள் தன்னுடைய கணினியில்தான் இருக்கின்றன, மற்றவர்களுக்குத் தேடத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு மறுவாரம் இறம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் போனபோது எடுத்த படம் ஒன்றை எடுத்தாள். பின்னாலிருந்த தண்ணீரை வெட்டினாள். காற்றில் பறந்த முடியை ஒவ்வொரு இழையாக விட்டுவிட்டு வெட்டுவதற்கு நேரமெடுத்தது. குத்துவிளக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். நஸார் அவளுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் திரும்பிப் பார்த்து, "நாநா, பேருக்கு எந்தக் கலர் போட?" என்று கேட்டாள்.

அன்றைக்கும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அழுதுரு தாயி, அழுதுரு" என்று கெஞ்சினார்கள். அவளுக்கு அவர்கள் சட்டையில் வீசிய வெற்றிலை வாசம் மட்டும் தெரிந்தது. சோறு வைத்தால் சாப்பிட்டாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை. கொதிக்கிற கேத்தலை வெறுங்கையால் இறக்கிவிட்டு, கொப்புளம் வந்த பிறகு அதை ஏதோ வேறொருத்தியின் கை என்பது போலப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் கடந்து போய்க்கொண்டே இருக்கும். தெரியாத ஊரில் இறங்கி எதிர்ப்பக்கத்தில் நின்று திரும்பி வருவாள். அதில் அவளுக்குக் கவலையும் இல்லை.

இந்த நிலையில்தான் நஸாருக்கு யோசனை வந்தது. மரண அறிவித்தல் வேலையை அவளிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கல்யாண அல்பத்தையும் கொடுக்க முடியவில்லை. அவருடைய தங்கை மகன் ரிஃகான் ஒஸ்திரியாவில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே மார்த்தா என்ற ஆராய்ச்சிக்காரி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் சனங்களுக்கு அவ்வளவாகத் தெரியாத பாம்புகளைப் பற்றியது. ஒவ்வொரு பாம்பின் தலையையும் செதில் செதிலாகக் கோட்டில் வரைந்து கொடுக்க ஒரு கை தேவைப்பட்டது.

"பாம்புண்டா பயமா தங்கச்சி?" என்று நஸார் கேட்டார்.

"இல்ல நாநா."

"ரிஃகான் சொல்றான், வேல நுணுக்கமாம். பொறும வேணுமாம். ஒங்களுக்கு ஏலுமா?"

"ஏலும்" என்றாள். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் அவள் ஏலும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

படங்கள் வந்தன. பாதி உயிருள்ள பாம்புகள், கல்லிலும் புல்லிலும் கிடப்பவை. பாதி அருங்காட்சியகப் போத்தல்களில் எப்போதோ போட்டு நிறம் வெளுத்துப்போன பாம்புகள், பக்கவாட்டிலும் மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்தவை. வெளுத்ததைப் பார்த்துக் கோடு போட வேண்டும், உயிருள்ளதைப் பார்த்து வர்ணம் கொடுக்க வேண்டும். எதை எப்படி வரைவதென்று ரிஃகான் குரல் பதிவில் தமிழில் சொல்லி அனுப்பினான். பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் செதில் இருக்கும். முன்னாலிருந்து எண்ண வேண்டும். எத்தனையாவது செதில் கண்ணைத் தொடுகிறது என்பது முக்கியம். முதுகின் நடுவில் குறுக்காக எத்தனை வரிசை, வாலுக்கடியில் செதில் ஒற்றையா இரட்டையா, இதெல்லாம் பிழைக்கக் கூடாது.

அவள் முதலில் வரைந்தது ஒரு மழமழப்பான பாம்பு. குளிர் மலைகளில் கல்லுக்கடியில் கிடப்பது. பல்லியைப் பிடித்துச் சுற்றி நெரித்துத் தின்பது. முட்டையிடாமல் குட்டி போடுவது. அடுத்தது அதன் தெற்கத்திச் சொந்தக்காரன், வெக்கையான பக்கத்தில் இருந்துகொண்டு முட்டையிடுவது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி, மண் நிறம், கண்ணோரம் கறுப்புக் கோடு. சுதர்ஷினி முதல் படத்தின் கோடுகளையே எடுத்து இரண்டாவதுக்கும் வைத்து, வர்ணத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டாள். கல்யாண அல்பத்தில் அப்படித்தான் செய்வது.

மார்த்தா கோபிக்கவில்லை. படத்தில் கண்ணுக்கடியில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். வடக்கத்திப் பாம்புக்கு மூன்றாவதும் நாலாவதும் உதட்டுச் செதில்கள் கண்ணைத் தொடும். தெற்கத்திப் பாம்புக்கு நாலாவதும் ஐந்தாவதும். "நீங்கள் ஒரே பாம்பை இரண்டு தடவை வரைந்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தாள்.

சுதர்ஷினி போத்தல் படத்தைப் பெரிதாக்கி எண்ணினாள். சரிதான். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அன்றைக்கு மாலை வரை அவள் வேறெதையும் நினைக்கவில்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. செதிலை எண்ணுகிற நேரத்தில் வேறெதற்கும் இடமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியே நாள் போயிற்று. கோப்புகளுக்கு அவளே தமிழில் பெயர் வைத்துக்கொண்டாள். குட்டியில் முதுகில் ஏணிப்படி போலக் கோடு போட்டிருந்து, வளர்ந்ததும் படிகள் மறைந்து இரண்டு நீளக் கோடு மட்டும் மிஞ்சுகிற ஏணிப் பாம்பு. அதன் தாய் முட்டை பொரித்த பிறகும் சில நாள் குட்டிகளோடேயே கிடக்கும் என்று மார்த்தா எழுதியிருந்தாள். பூனையைப் போல நெட்டுக்குத்தாகக் கண்மணி ஒடுங்குகிற பூனைக்கண் பாம்பு. கிரேக்கத்தில் மண்ணுக்குள் எறும்பு முட்டையைத் தின்றுகொண்டிருக்கும், புழு என்றே சனங்கள் நினைக்கும் ஒன்று. அதற்குக் கண் இருக்கிற இடத்தில் செதிலுக்கடியில் கறுப்புப் புள்ளி மட்டும்தான். மலைப் புல்வெளியில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று சீவிக்கிற ஒரு சின்ன விரியன். விரியன் என்றால் அவளுக்கு ஒரு படம் மனதில் இருந்தது. இது வெட்டுக்கிளியின் பின்னால் அலைகிற விரியன்.

நடுவில் ஒருநாள் மார்த்தாவிடமிருந்து மன்னிப்போடு ஒரு மின்னஞ்சல் வந்தது. புல்பாம்பு என்று ஒரே பக்கத்தில் இருந்ததை ஆராய்ச்சிக்காரர்கள் முன்பே மூன்று இனமாகப் பிரித்துவிட்டார்கள், புத்தகத்திலும் அப்படியே போடுவதென்று இப்போது முடிவாகியிருக்கிறது, ஆகையால் இன்னும் இரண்டு தலை வேண்டும் என்று. ஸ்பெயின் பக்கத்துப் பாம்புக்குக் கண் சிவப்பாக இருக்க வேண்டும்.

நஸார் எட்டிப் பார்த்தார். "ஒண்டா ஈந்தது மூணாப் போச்சா? எங்கட வாப்பாட காணிய பிரிச்ச மாதிரி."

சுதர்ஷினி லேசாகச் சிரித்ததாக நஸார் வீட்டில் போய் மனைவி சாரா உம்மாவிடம் சொன்னார். சிரித்தாளோ இல்லையோ, அவளுக்கே அது நினைவில்லை.

கஜேந்திரனின் அம்மா வீரம்மாவுக்கு இந்தப் பாம்பு வேலை பிடிக்கவில்லை. வீரம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போவாள். மகன் போன பிறகு லயத்து வீட்டில் அவளும் மருமகளும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே அறையில் படுத்து, நாளுக்கு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா புள்ள, பாம்ப வரையிறியாம்" என்று ஒருநாள் வீரம்மா கேட்டாள். "நஸாரு மொதலாளிக்கு வேற வேல கெடைக்கலியா?"

"வேலதான அத்த."

"எம்புள்ள அத அடிச்சித்தான் இப்படிப் போனான். நீ இன்னும் அதோடயே கெடக்குற."

கஜேந்திரன் சாவதற்கு முந்தின வாரம் மலையில் ஒரு பாம்பை வெட்டினான் என்பது உண்மை. ஆனால் அந்தக் கதை அவன் செத்த பிறகு வளர்ந்துவிட்டது. முதலில் பாம்பு என்றார்கள். பிறகு நாகம் என்றார்கள். கருமாதிக்குள் அது படம் எடுத்து ஆடியது, அவன் கையெடுத்துக் கும்பிடாமல் கத்தியால் வீசினான், அதுதான் குளவியாக வந்து கொட்டியது என்று ஆகிவிட்டது. வீரம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பழைய தேயிலைப் பெக்டரிக்கு மேலே மரத்தடியில் இருக்கிற நாகக்கல்லுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பால் கொண்டுபோய் ஊற்றினாள். மஞ்சள் பூசினாள். "எம்புள்ள தெரியாமச் செஞ்சிட்டான் தாயே, அவன் ஆத்துமாவ விட்டுரு" என்று வேண்டிக்கொண்டாள். மலை ஏறி இறங்கி வரும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சுதர்ஷினி அதைக் கவனித்திருந்தாள்.

அவன் வெட்டிய பாம்பின் படம் சுதர்ஷினியின் கைபேசியில்தான் இருந்தது. வெட்டிய அன்றைக்கே மலையிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தான், கூடவே ஒரு குரல் பதிவும். வேலை மும்முரத்தில் அப்போது ஓடவிட்டுக் கேட்டதோடு சரி. அவன் போன பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை. அவன் பெயர் கைபேசியில் கீழே கீழே இறங்கி, கடையின் ஆர்டர்களுக்கும் தண்ணீர் வெட்டு அறிவித்தல்களுக்கும் அடியில் போய்விட்டது.

புல்பாம்புப் பக்கத்துக்குக் கடைசியாக ஒரு படம் தேவைப்பட்டது. அந்தப் பாம்பைப் பிடித்தால் அது செத்தது போலக் கிடக்கும். வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்கி, சில நேரம் வாயில் இரத்தம்கூட வரும். ஆள் விலகிப் போனதும் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊர்ந்து போய்விடும். சுதர்ஷினி வரைந்து அனுப்பினாள். நாக்கு, இரத்தம், வெள்ளையும் கறுப்புமான அடிவயிறு, ஒன்றும் குறைவில்லை.

மார்த்தா எழுதினாள்: "நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வரைந்திருப்பது செத்த பாம்பு. எனக்கு வேண்டியது உயிருள்ள பாம்பு."

அதோடு ஒரு காணொளியும் அனுப்பியிருந்தாள். சுதர்ஷினி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். எங்கே வித்தியாசம் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. பாம்பின் முன்பாகம் மட்டும் மல்லாந்து கிடந்தது, பின்பாகம் புரளவில்லை. நடுவில் உடம்பு கயிறு முறுக்கினது போலத் திருகியிருந்தது. அந்த முறுக்கைப் பிடித்து வைத்திருப்பதற்கு உள்ளே பலம் வேண்டும். செத்தது அப்படி நிற்காது, சரிந்துவிடும். போட்ட இடத்தில் தட்டையாகக் கிடக்கும்.

கஜேந்திரனின் கை ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பில் அப்படித்தான் கிடந்தது. விரல்கள் வீங்கி, தட்டையாக. அவள் அதைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள், அது அங்கேயும் தட்டையாகக் கிடந்தது. இது அவளுக்கு அன்றைக்குப் பிறகு இப்போதுதான் முதன்முதலாக நினைவுக்கு வந்தது. அழுகை வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. முறுக்கை வரைந்தாள். அனுப்பினாள். மார்த்தாவிடமிருந்து "இதுதான்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கைபேசியில் கீழே கீழே தள்ளி, கஜேந்திரனின் பக்கத்தைத் திறந்தாள். குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள்.

கவ்வாத்துக் கத்தியின் அலகில் கிடந்தது பாம்பு. பென்சில் தடிப்பு இருக்கும். அலகின் நீளத்துக்குமேல் இல்லை. கரும்பழுப்பு. பாதி உடல் புரண்டு வாலின் அடிப்பக்கம் தெரிந்தது. நாகம் போலப் படம் விரிக்க அதற்குக் கழுத்தென்றே தனியாக ஒன்று இல்லை, தலை முன்பக்கம் கூம்பி உடம்போடு சேர்ந்திருந்தது. வாலுக்கடியில் செதில் ஒற்றை வரிசை. அவள் வரைந்த பாம்புகளில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு குட்டை மலைப்பாம்பு வகைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய இன்னும் சிலவற்றுக்கும்தான் அப்படி. மற்றதெல்லாம் இரட்டை. ஆனால் இது மலைப்பாம்பு வகையும் இல்லை, தலையில் பெரிய பெரிய செதில்கள் இருந்தன. இதை எங்கே சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மார்த்தாவுக்கு அனுப்பிக் கேட்டாள். யார் வெட்டினது என்று எழுதவில்லை. ஆசியப் பாம்பு தனக்கு அவ்வளவு பழக்கமில்லை, தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மார்த்தா பதில் எழுதினாள். சில நாள் கழித்து விபரம் வந்தது. அஸ்பிடியூரா என்கிற சாதி. இலங்கையில் மட்டும் இருப்பது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மண்ணுக்கடியிலும் எருக் குவியலிலும் இருந்துகொண்டு மண்புழு தின்னும். யாரையும் கடிக்காது, விஷமும் இல்லை. உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே நிறைய இருக்கும், ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்று சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

நஸார் படத்தைப் பார்த்தவுடனே சொன்னார்: "இது மெடில்லா எல்லியா? சிங்கள ஆளுங்க சொல்றது. எங்கட கரட் பாத்தியில மண்வெட்டி போட்டா வரும்."

ஞாயிற்றுக்கிழமை பகலில் வீரம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் நிறைய யோசித்துக்கொண்டு வரவில்லை. ஒரு பாம்பை அதற்குரிய இடத்தில் சேர்த்தாகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

"அத்த, அவரு வெட்டுனது நாகமில்ல."

வீரம்மா ஊதுவதை நிறுத்தினாள்.

"போட்டோ இருக்கு. அன்னைக்கே எனக்கு அனுப்புனாரு. புழு திங்கிற சின்னப் பாம்பு. விஷமில்ல. படமெல்லாம் எடுக்காது."

"யாரு சொன்னா?"

"வெளிநாட்டுல அந்தம்மாகிட்ட கேட்டேன். அவங்க தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சிச் சொன்னாங்க. நஸாரு நாநாவும் பாத்தாரு."

வீரம்மா கைபேசியை வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சுதர்ஷினி குரல் பதிவையும் போட்டுவிட்டாள். கஜேந்திரனின் குரல் அடுப்படியில் கேட்டது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், கத்தி கல்லில் படுகிற சத்தம்.

"சுதா, இங்க பாரு, செடி அடியில கெடந்துச்சு. தெரியல, வெட்டும்போது பட்டுருச்சு. பாவமா இருக்கு. வரக்குள்ள பேக்கரில பாண் வாங்கிட்டு வா."

வீரம்மா மறுபடி போடச் சொன்னாள். மறுபடி கேட்டாள். அடுப்பு அணைந்து புகை மட்டும் வந்தது. கைபேசியை மருமகளின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப அவன் அத வேணுமுன்னு அடிக்கல."

"இல்ல அத்த."

"அது நாகமுமில்ல."

"இல்ல."

"அப்ப எம்புள்ள எதுக்குச் செத்தான்?"

தான் சொல்ல வந்தது ஆறுதல் என்றுதான் சுதர்ஷினி நினைத்திருந்தாள். உங்கள் மகன் பாவம் செய்யவில்லை என்று சொல்வதில் ஒரு தாய்க்கு என்ன நஷ்டம் என்று. வீரம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் வெள்ளிக்கிழமைகளில் அவள் முகத்தில் தெரிந்த அந்தத் தெளிவு எதனால் வந்தது என்று புரிந்தது. குற்றம் என்று ஒன்று இருந்தால் மன்னிப்பு என்றும் ஒன்று இருக்கும். கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கும். இப்போது ஒரு மரமும் அதில் ஒரு குளவிக் கூடும் மட்டும்தான் மிச்சம்.

வீரம்மா எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றாள். தண்ணீர் வரவில்லை. வெறும் குழாய்க்கு முன்னால் அப்படியே நின்றாள். தனக்கு வந்தது துக்கம் என்று கண்டுபிடிக்கச் சுதர்ஷினிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கஜேந்திரனுக்காக வராதது அவன் அம்மாவின் முதுகைப் பார்க்கும்போது வந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீர் கோத்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அணைந்த விறகை மறுபடி பற்றவைத்துச் சோற்றை வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க வீரம்மா பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. காலையில் பெரட்டுக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். ஏதாவது கேட்டால் சற்றுப் பிந்தித் திரும்பிப் பார்த்தாள். கேத்தல் அடுப்பில் வற்றிக் கருகியது அவளுக்கு மணக்கவில்லை. சுதர்ஷினி ஓடி வந்து இறக்கினாள். தான் இருந்த இடத்துக்கு இப்போது அத்தை வந்து சேர்ந்திருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. அத்தை தன்னை அங்கிருந்து இழுக்காமல் விட்டது போல அவளும் விட்டுவிட்டாள். சாப்பாட்டை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து வீரம்மா குளித்தாள். பால் செம்பைக் கழுவினாள். சுதர்ஷினி அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"போறீங்களா அத்த?"

"நீ சொன்னது மெய்யாத்தான் இருக்கும்" என்றாள் வீரம்மா. "ஆனா வெள்ளிக்கெழம போகாம நான் என்ன செய்யிறது?"

செம்பில் பாலை ஊற்றிக்கொண்டே, "வாறியா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் போனார்கள். மேலே பனி இறங்கியிருந்தது. நாகக்கல்லில் பின்னிக்கொண்டிருந்த இரண்டு பாம்புகளுக்கும் செதில் வெட்டப்பட்டிருக்கவில்லை, வெறும் வரி மட்டும்தான். வீரம்மா பால் ஊற்றினாள். இந்தத் தடவை வாய்விட்டு ஒன்றும் வேண்டவில்லை. சுதர்ஷினி கும்பிட்டாள், அத்தை கும்பிடுகிறாள் என்பதற்காக.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. ரிஃகான் விடுமுறைக்கு வரும்போது ஒரு பிரதியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். நஸார் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மரண அறிவித்தலுக்கு வந்தவர்களுக்குக்கூடக் காட்டிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்பக்கத்தில் மார்த்தாவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சுதர்ஷினியின் பெயர் இருந்தது. ஊர் என்று ஹட்டன் போட்டிருந்தார்கள்.

அவள் அதை லயத்துக்குக் கொண்டுபோனாள். வீரம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். எழுத்தைத் தொடவில்லை, படத்தை மட்டும் பார்த்தாள். ஏணிப் பாம்பில் கொஞ்சம் நின்றாள். சிவப்புக் கண் பாம்பில் நின்றாள். புழு போன்ற கண்ணில்லாத பாம்பில் அதிக நேரம் நின்றாள்.

"இம்புட்டையும் நீயா வரைஞ்ச?"

"ஆமாத்த."

"அந்த ஊர்ல இதுகளுக்கெல்லாம் யாரு பால் வெக்கிறாங்க?"

"யாரும் வெக்கிறதில்ல."

"ஒருத்தருமா?"

"ரோட்டுல கண்டா அடிச்சிருவாங்களாம். அதனாலதான் அந்தம்மா புத்தகம் எழுதுறாங்க. இன்னது இன்னதுன்னு தெரிஞ்சா அடிக்க மாட்டாங்கன்னு."

வீரம்மா தலையை ஆட்டினாள். "பாவந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

சுதர்ஷினி இன்னும் நஸாரின் கடையில்தான் இருக்கிறாள். மார்த்தா இப்போது பல்லிகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறாள், தலைகள் வந்துகொண்டிருக்கின்றன. மரண அறிவித்தல் வந்தால் அதையும் அவள் செய்கிறாள். பாம்பு வேலை நல்லதாகப் போய்விட்டது, ஆள் தேறிவிட்டாள் என்று நஸார் சொல்வார். அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். காலையில் பஸ்ஸேறி வருகிறாள், எண்ணுகிறாள், வரைகிறாள். வீட்டுக்குப் போகும்போது பாண் வாங்கிக்கொண்டு போகிறாள்.